மாலையானால் கணுக்கால் வீங்குகிறது: மெனோபாஸா, நிணநீர்க் கோளாறா?

வெண்பஞ்சு:

வணக்கம் தோழிகளே. எனக்கு வயது 49. சில மாதங்களாக மாலை ஆனால் இரண்டு கணுக்காலும் வீங்கிவிடுகின்றன. சாக்ஸைக் கழற்றினால் எலாஸ்டிக் இருந்த இடத்தில் விழுந்த பள்ளம் படுக்கப்போகும்வரை மறைவதில்லை, கணுக்கால் முட்டி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. வலி என்று பெரிதாக இல்லை, ஒரு கனம், தோல் இழுத்துப்பிடிப்பது போன்ற மதமதப்பு. காலையில் எழுந்தால் கால் பழையபடி இருக்கிறது.

மாதவிடாய் கொஞ்ச நாளாகவே ஒழுங்கில்லை. பிபி மாத்திரை சாப்பிடுகிறேன், மூட்டு வலிக்கு அவ்வப்போது ஒரு மாத்திரை போட்டுக்கொள்வேன். சர்க்கரை இல்லை.

நாத்தனாரிடம் சொன்னால் "மெனோபாஸ் வந்தா எல்லாருக்கும் நீர் கோத்துக்கும், விடு" என்கிறார். யூடியூபைத் திறந்தால் "உங்கள் நிணநீர் அடைத்திருக்கிறது" என்று ஒருவர், பிரஷ்ஷால் தேயுங்கள் என்று இன்னொருவர், ஏதோ பொடியைக் கலக்கிக் குடித்தால் நிணநீர் சுத்தமாகிவிடும் என்று மூன்றாமவர். அக்கம்பக்கத்தில் ஒருவர் தன்னுடைய நீர் மாத்திரையில் பாதி தருகிறேன் என்கிறார். இது நிஜமாகவே நிணநீர்ப் பிரச்சினைதானா? நான் தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டுமா?

நைட்_டூட்டி:

முதலில் அந்தப் பாதி மாத்திரையை வாங்காதீர்கள். அடுத்தவர் நீர் மாத்திரை நம் உடம்பில் பொட்டாசியத்தைக் குறைத்துத் தலைசுற்றி விழவைக்கும், வீக்கத்துக்குக் காரணம் என்ன என்பதையும் மறைத்துவிடும். பல வருடம் வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

தண்ணீரை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அது வேறு. பொதுவாக உடம்பில் நீரைப் பிடித்து வைப்பது உப்புதான், அதைக் குறையுங்கள்.

சரி, இப்போது உங்களிடம் சில கேள்விகள். மாலையில் உள்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பு தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை விடாமல் அழுத்துங்கள். விரலை எடுத்ததும் குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? இரண்டு காலிலும் ஒரே அளவா, ஒன்று கூடுதலா? பிபி மாத்திரையின் பெயர் என்ன, வீக்கம் அதற்கு முன்பா பின்பா? மூட்டு வலி மாத்திரை எது? இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை என்றால் அதுவே சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் செய்யும், பிபியையும் ஏற்றும். காலையில் முகமும் கண்ணிமையும் உப்பியிருக்கிறதா, சிறுநீரில் நுரை நிற்கிறதா? படியேறினால் புதிதாக மூச்சு வாங்குகிறதா, தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம் வருகிறதா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் வீங்கி, ஆடுசதை வலித்து, சூடாகச் சிவந்திருந்தால் இங்கே வந்து கேள்வி போடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். மெனோபாஸுக்காக ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நீண்ட பயணம் போய் வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதோடு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவுதான்.

தினமும்_நடை:

அக்கா, அந்த பிபி மாத்திரை அம்லோடிபினா? அப்படியானால் என் கதை அப்படியே உங்கள் கதை. எனக்கு 5 மில்லிகிராமில் ஒன்றும் தெரியவில்லை, 10 ஆக்கியதும் கால் இரண்டும் உருண்டுவிட்டன. நானும் வயசுக் கோளாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல்வலிக்குப் போன இடத்தில் பல் மருத்துவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு "கால் வீங்குதா?" என்று கேட்டார். பல் பார்க்கிறவருக்கு என் காலைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று அசந்துபோனேன்!

10 மில்லிகிராம் எடுப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இந்த மருந்து சின்னத் தமனிகளை விரிக்கிறது, சிரைப் பக்கம் அதே அளவுக்கு விரிவதில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. உடம்பில் நீர் கூடிப்போய் வந்த வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரை போட்டாலும் பெரிதாக வடியாது. எனக்கு அளவைக் குறைத்து, வேறு வகை பிபி மருந்து ஒன்றைச் சேர்த்தார்கள், வீக்கம் இறங்கியது.

ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கால் வீக்கத்தோடு இருக்கலாம், பிபி ஏறினால் தாங்காது.

வெண்பஞ்சு:

அம்லோடிபின்தான்! முதலில் 5, பிறகு 10 ஆக்கினார்கள். வீக்கம் அதற்கு அப்புறமா முன்பா என்று யோசித்துப் பார்த்தால், லேசாக முன்பே இருந்தது, அப்புறம் கூடிவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

அழுத்திப் பார்த்தேன், குழி விழுகிறது. இடது கால் கொஞ்சம் கூடுதல், அந்தக் காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்திருப்பது இரண்டாவது பிரசவத்திலிருந்தே உண்டு. உள்கணுக்காலுக்கு மேலே தோல் கொஞ்சம் பழுப்பாக இருக்கிறது, அதை வெயில் கறுப்பு என்று விட்டிருந்தேன். மூச்சு வாங்கவில்லை, முகம் வீங்கவில்லை. ராத்திரி மட்டும் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுந்துகொள்கிறேன், அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா தெரியவில்லை.

அப்படியானால் நிணநீருக்கும் என் காலுக்கும் சம்பந்தமே இல்லையா?

குறுக்குக்கேள்வி:

சம்பந்தம் உண்டு. யூடியூப்காரர்கள் சொல்கிற சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நுண்குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி நாள் முழுக்கத் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. கசிந்ததில் பெரும்பகுதியைச் சிரைப் பக்கத்து நுண்குழாய்களே திரும்ப இழுத்துக்கொள்ளும், மிச்சம் இரண்டு மூன்று லிட்டர்தான் நிணநீர்க் குழாய்களுக்குப் போகும் என்றுதான் பழைய பாடநூல்களில் இருந்தது. 2010ல் லெவிக், மிஷெல் என்ற இரண்டு உடலியங்கியல் அறிஞர்கள் எழுதிய கட்டுரை இந்தக் கணக்கைத் திருப்பிப்போட்டது. கால் போன்ற இடங்களில் சிரைப் பக்கம் அப்படித் தொடர்ந்து இழுத்துக்கொள்வதில்லை, கசிகிற நீர் ஏறத்தாழ முழுவதும் நிணநீர் வழியாகத்தான் திரும்புகிறது என்பதே இன்றைய பார்வை. அதாவது சிரை கெட்டு வீங்கினாலும், மருந்தால் வீங்கினாலும், இதயத்தால் வீங்கினாலும், கசிவின் வேகத்துக்கு நிணநீர்க் குழாய்கள் ஈடுகொடுக்க முடியாத இடத்தில்தான் வீக்கம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. அந்தக் குழாய்கள் அடைத்திருக்க வேண்டும் என்பதே இல்லை. வேலை அதிகமாகிவிட்டது, ஆள் அதே ஆள்தான்.

"நிணநீருக்கு பம்ப் கிடையாது, அதனால் குதியுங்கள்" என்று வீடியோக்களில் சொல்வதும் பாதிதான் உண்மை. பெரிய நிணநீர்க் குழாய்களின் சுவரில் தசை இருக்கிறது, உள்ளே வால்வுகள் இருக்கின்றன, வால்வுக்கு வால்வு ஒவ்வொரு துண்டும் நிமிடத்துக்குப் பல தடவை தானாகவே சுருங்கி நீரை மேலே தள்ளுகிறது. அதற்குமேல் ஆடுசதை அழுத்துவதும் மூச்சு இழுத்து விடுவதும் கைகொடுக்கின்றன. கடைசியில் கழுத்தடியில் இருக்கும் பெரிய சிரையில் போய் ரத்தத்தோடு சேர்கிறது. இதில் "நச்சு தேங்குவது" எங்கே, பொடி போய் எதைச் சுத்தம் செய்கிறது? கழிவை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. பிரஷ் தேய்த்தால் தோல் சிவக்கும், சுகமாக இருக்கும். அதில் தப்பில்லை, ஆனால் சிரைக்குள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வு கசிவதை பிரஷ் என்ன செய்யும்?

மெனோபாஸ் விஷயம். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் மிகக் குறைவாகவே சுரக்கும். புரோஜெஸ்டிரோன் இயல்பிலேயே உப்பை வெளியேற்றத் துணைபோகிற ஹார்மோன், சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் செய்யும் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வேலை செய்கிற இடத்தில் போய்க் குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். ஈஸ்ட்ரோஜன் நீரைப் பிடித்துவைக்கிற பக்கம் சாயும். அதனால் சில வாரங்கள் உடம்பு உப்பினாற்போல் இருப்பது, மோதிரம் இறுகுவது எல்லாம் உண்மைதான், உங்கள் நாத்தனார் சொல்வது முழுக்கப் பொய்யில்லை. ஆனால் அது வரும், போகும். தினமும் மாலை தவறாமல் கணுக்காலில் குழி விழுந்தால் அதை ஹார்மோன் கணக்கில் எழுதிவிட்டு எழுந்துபோக முடியாது. காரணம் பிடிபடாத வீக்கம் என்று ஒரு வகை உண்டு, அது பெரும்பாலும் மாதவிடாய் ஒழுங்காக வருகிற இளம்பெண்களுக்கு. ஐம்பதை நெருங்கும்போதும் அதற்குப் பிறகும் வருகிற வீக்கத்துக்குத் தேடினால் பெரும்பாலும் காரணம் கிடைக்கும்.

நீங்கள் சொன்ன புடைத்த நரம்பும் பழுப்புத் தோலும்தான் எனக்கு உறுத்துகிறது. அது வெயில் கறுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. சிரையில் அழுத்தம் கூடி ரத்த அணுக்கள் வெளியே கசிந்து, அவற்றின் இரும்பு தோலில் படிந்தால் அந்த இடம், அந்த நிறம்தான். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். நடக்க ஆரம்பித்தால் ஆடுசதை பிழிந்து பிழிந்து அதை 30க்குக் கீழே கொண்டுவந்துவிடும். வால்வு பழுதானால் நடந்தாலும் இறங்காது. ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் கேட்டு வாங்குங்கள், நின்ற நிலையில் எடுத்தால்தான் வால்வுக் கசிவு சரியாகத் தெரியும்.

நைட்_டூட்டி:

மேலே சொன்னதோடு என் பங்குக்கு. ராத்திரி எழுந்துகொள்வதற்குத் தொடர்பு உண்டு. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. சாயங்காலமே ஒரு மணி நேரம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கிவைத்துப் படுத்தால் அந்த வேலை தூக்கத்துக்கு முன்பே நடந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டுவது அரைகுறைதான்.

சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), அல்புமின் என்ற புரதம், கல்லீரல், தைராய்டு, இவ்வளவும் பார்த்துவிடுங்கள், மூச்சு வாங்கினால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும். தைராய்டு மிகவும் குறைந்தவர்களுக்குக் கால் வீங்கினால் அழுத்தினாலும் குழி விழாது, அது வேறு மாதிரி வீக்கம். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கும் கால் வீங்குவதுண்டு.

இடதுகால்:

நான் உண்மையான நிணநீர் வீக்கத்தோடு வாழ்கிறவள், அதனால் எழுதுகிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்தபோது இடுப்புக்குள் இருந்த நிணநீர்க் கணுக்களை எடுத்தார்கள், கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கால் வீங்கியது உடனே இல்லை, சில வருடம் கழித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தபோது. இப்படி வருடங்கள் தள்ளி வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்குள்ள வருத்தம். உலக அளவில் பார்த்தால் யானைக்கால் நோய்க் கிருமியால் வருவதுதான் அதிகம், என் மாதிரி சிகிச்சைக்குப் பின் வருவது இன்னொரு கூட்டம்.

வித்தியாசம் எப்படித் தெரியும்? என் வீக்கம் பாதத்தின் மேற்புறத்திலும் விரல்களிலும் இருக்கிறது. ஆரம்பத்தில் காலையில் வடிந்தது, பிறகு வடிவதை நிறுத்திவிட்டது. குழி விழுந்துகொண்டிருந்த இடம் நாளாக ஆக இறுகிப்போனது. இரண்டாவது கால்விரலின் அடியில் மேல்பக்கத் தோலை இரண்டு விரலால் கிள்ளி மடிப்பாகத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாமல் தடித்திருந்தால் நிணநீர் வீக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு ஸ்டெம்மர் சோதனை என்று பெயர். தூக்க முடிந்தால் இல்லவே இல்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள், ஆரம்பத்தில் எனக்கும் தூக்க முடிந்தது.

இதற்கு நீர் மாத்திரை ஏன் உதவாது என்றால், தேங்குவது தண்ணீர் மட்டும் இல்லை, புரதமும்தான். மாத்திரை தண்ணீரை வேண்டுமானால் இழுக்கும், புரதம் அங்கேயே கிடந்து திசுவை நாராக்கும். எனக்குப் பலன் தந்தது பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்த நிணநீர் மசாஜ், அடுக்கடுக்கான பேண்டேஜ் கட்டு, கட்டோடு செய்யும் உடற்பயிற்சி, அப்புறம் தோல் பராமரிப்பு. அந்த மசாஜ் நீங்கள் வீடியோவில் பார்க்கிற மாதிரி அழுத்தித் தேய்ப்பது இல்லை. தோலை மட்டும் மெல்ல இழுத்து விடுவார்கள், அதுவும் காலில் ஆரம்பிக்காமல் கழுத்து, வயிறு, தொடையிடுக்கு என்று மேலே வழி திறந்துவிட்டுத்தான் கீழே வருவார்கள். முதல் தடவை "இவ்வளவுதானா?" என்றே இருந்தது. ரத்த உறைவு இருந்தாலும், தோலில் தொற்று இருந்தாலும், இதயம் பலவீனமாகி நீர் கோத்திருந்தாலும் அதைச் செய்யக் கூடாது. கண்ட வீடியோவையும் பார்த்துச் செய்ய வேண்டாம் என்பது அதனால்தான்.

தோல் பராமரிப்பைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தால் அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். ஒரு ராத்திரியில் கால் முழுக்கச் சிவந்து, குளிர்காய்ச்சல் தூக்கிப்போடும். அதற்கு செல்லுலைட்டிஸ் என்று பெயர். ஒவ்வொரு தடவை வரும்போதும் இருக்கிற நிணநீர்க் குழாய்களில் இன்னும் கொஞ்சம் கெட்டுப்போகும், வீக்கம் கூடும், வீங்கினால் மறுபடி தொற்று. எந்தக் காரணத்தால் கால் வீங்குகிறவரும் குளித்ததும் விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள், தினமும் ஈரப்பதம் தரும் கிரீம் தடவுங்கள், நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டாதீர்கள்.

முழுக்கால்சட்டை:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்குப் பதின்வயதிலிருந்தே இடுப்பிலிருந்து கணுக்கால்வரை கால் பருமன், பாதம் மட்டும் ஒல்லி. கணுக்காலுக்கு மேலே வளையம் போட்டதுபோல் வீக்கம் அங்கேயே நின்றுவிடும். லேசாக இடித்தாலே கன்றிப்போகும், அமுக்கினால் வலிக்கும். மெனோபாஸ் நேரத்தில் இன்னும் கூடியது. எடை குறைத்தால் முகம்தான் வாடியது, கால் அப்படியே. எல்லாரும் "சாப்பாட்டைக் குறை" என்றார்கள். இதுவும் நிணநீரா?

இடதுகால்:

நீங்கள் சொல்வது லிப்பிடீமா மாதிரி இருக்கிறது தோழி. அது கொழுப்புத் திசுவின் கோளாறு, கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருவது. பருவமடையும்போது, கர்ப்ப காலத்தில், மெனோபாஸில் என்று ஹார்மோன் மாறும் நேரங்களில் தலைகாட்டும் அல்லது கூடும். 1940லேயே ஆலன், ஹைன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் விவரித்துவிட்டார்கள், இன்றும் பல மருத்துவர்களுக்கு அது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. பாதம் ஒல்லியாக இருப்பதும் தொட்டால் வலிப்பதும் நல்ல அடையாளங்கள். நாளாக ஆக நிணநீர் வீக்கமும் சேர்ந்துகொள்ளலாம். சிரை, நிணநீர் பார்க்கும் மருத்துவரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். உங்கள் சாப்பாட்டின் மேல் பழி இல்லை.

தினமும்_நடை:

உடற்பயிற்சி பற்றி யாரும் எழுதவில்லையே. நிற்கிற வேலை என்றால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். உட்கார்ந்த வேலை என்றால் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். கணுக்கால் மூட்டு முழுதாக மடங்கி நீள வேண்டும், இல்லாவிட்டால் ஆடுசதை பாதிதான் வேலை செய்யும். மூட்டுவலிக்காரர்கள் பாதத்தை அசைக்காமல் இழுத்து இழுத்து நடப்பதால் நடந்தும் பலன் கிடைப்பதில்லை. அவர்களுக்கு நீச்சல்குளத்தில் மார்பளவு நீரில் நடப்பது நல்லது, எடையும் தெரியாது, ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமே 70 மி.மீ. பாதரசத்துக்கு மேல், வீக்கத்துக்காக வழக்கமாகப் போடும் இறுக்கமான சாக்ஸ்கூட அவ்வளவு அழுத்தாது. இதயக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வெண்பஞ்சு:

எல்லாருக்கும் நன்றி. போய்வந்தேன். சிறுநீரில் புரதம் இல்லை, தைராய்டு, கல்லீரல் சரி. அம்லோடிபினை 5க்குக் குறைத்து, கூட வேறொன்று சேர்த்திருக்கிறார்கள். வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். டாப்ளரில் இடது காலில் வால்வு கசிகிறது. ஆக ஒரு காரணம் இல்லை, மூன்று சேர்ந்திருக்கின்றன. வலது கால் இப்போதே பரவாயில்லை. இடதுக்கு முழங்கால்வரை கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ், 20–30 மி.மீ. பாதரச அழுத்தத்தில் எழுதிக்கொடுத்தார், அதற்கு முன்பு கையிலும் காலிலும் பிபி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிரை அறுவையோ லேசரோ பிறகு பேசலாம் என்றார்.

ஆனால் அந்த ஸ்டாக்கிங்ஸை மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிறது. குதிகாலைத் தாண்டுவதே இல்லை. நீங்களெல்லாம் எப்படிப் போடுகிறீர்கள்?

இடதுகால்:

கையிலும் காலிலும் பிபி பார்த்தது நல்லது. தமனியில் அடைப்பு இருக்கிற காலில் இறுக்கிப் போட்டால் ரத்தம் போகாமல் காலே கெட்டுவிடும்.

மாட்டுவதற்கு: காலையில் எழுந்ததும், கால் வீங்க ஆரம்பிப்பதற்குள், கட்டிலை விட்டு அதிகம் நடமாடாமல் போட்டுவிடுங்கள். குளித்துவிட்டுப் போடுவதானால் கால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கிரீமை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்கிங்ஸுக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாக உட்காரவைத்த பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையால் நீவி நீவி ஏற்றினால் வழுக்காது, நகம் பட்டு இழையும் போகாது. மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. மிஞ்சியதை முழங்காலுக்குக் கீழே மடித்தும் விடாதீர்கள், மடித்த இடத்தில் இறுக்கம் இரட்டிப்பாகி அதற்குக் கீழே வீங்கும். நாலைந்து மாதத்தில் இறுக்கம் தளர்ந்துவிடும், புதிது வாங்கும்போது காலை மறுபடி அளந்து வாங்குங்கள், அதுவும் காலை வேளையில்.